காலியாக மூன்றரை மணி, நிரம்பப் பத்து மணி

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும் என்று முதல் நாளே அறிவிப்பு வந்துவிட்டது. இன்வர்ட்டர் இருக்கிற தைரியத்தில் வீட்டில் விசிறி, டிவி எல்லாம் வழக்கம்போல் ஓடுகின்றன. பன்னிரண்டரைக்கு இன்வர்ட்டர் 'கீச் கீச்' என்று கத்துகிறது. சற்று நேரத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. அன்று மாலை ஆறரை மணிக்கு மழை பிடித்து மறுபடியும் கரண்ட் போகிறது.

இப்போது இன்வர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றரை மணி நேரத்தில் காலியான பேட்டரிக்கு நாலரை மணி நேரம் சார்ஜ் ஏறியிருக்கிறது. நிரம்பி வழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காமல் அது மறுபடி கத்துகிறது. 'பேட்டரி போச்சு, மாத்தணும்' என்று வீட்டில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

பேட்டரி போகவில்லை. அது தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டது. மின்சாரத்தை வெளியே கொடுப்பதில் பேட்டரிக்கு இருக்கும் வேகம், உள்ளே வாங்குவதில் இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள இன்வர்ட்டர், பேட்டரி ஆகிய இரண்டு பெட்டிகளுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு வகை மின்சாரம்

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். இதை நேர் மின்னோட்டம் என்பார்கள். சுவர் ப்ளக்கில் வருவது அப்படியல்ல. ஒரு திசையில் ஓடி, நின்று, எதிர்த்திசையில் ஓடி, மறுபடி திரும்பும். இப்படி நொடிக்கு 50 முறை போய்வருகிறது. இது மாறு மின்னோட்டம். ஒரு முறை போய்வர ஆகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிநொடி.

அழுத்தத்திலும் வேறுபாடு உண்டு. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இந்த 230 என்பதுகூட ஒரு வகைச் சராசரிதான். ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது 325 வோல்ட்டைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது.

ஆகவே இன்வர்ட்டருக்கு இரண்டு வேலைகள்: திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தத்தை ஏறக்குறைய இருபது மடங்கு உயர்த்த வேண்டும். இவற்றில் இரண்டாவது வேலைக்கு நமக்குப் பழக்கமான கருவி ஒன்று இருக்கிறது. தெருமுனைக் கம்பத்தில் நிற்கும் மின்மாற்றியின் குட்டி வடிவமே அது. ஆனால் மின்மாற்றிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தை மட்டும்தான் அது ஏற்றும், இறக்கும். பேட்டரியை நேரே அதில் இணைத்தால் மறுபக்கம் ஒன்றும் வராது, சுருள் சூடாகிப் புகைவதுதான் மிச்சம். எனவே முதலில் திசை மாற்றம், பிறகுதான் அழுத்தம்.

திசையை மாற்றும் நான்கு சுவிட்ச்கள்

திசையை மாற்ற நான்கு சுவிட்ச்கள் போதும். மின்மாற்றியின் சுருளுக்கு இடது முனை, வலது முனை என்று இரண்டு முனைகள். ஒவ்வொரு முனையையும் பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்க்க ஒரு சுவிட்ச், மைனஸோடு சேர்க்க ஒரு சுவிட்ச். இடது முனையை பிளஸ்ஸிலும் வலது முனையை மைனஸிலும் இணைத்தால் மின்சாரம் இடமிருந்து வலமாக ஓடும். அந்த இரண்டையும் அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் போட்டால் வலமிருந்து இடமாக ஓடும். 10 மில்லிநொடிக்கு ஒருமுறை இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் நொடிக்கு 50 முறை போய்வரும் மின்சாரம் கிடைத்துவிடும்.

இந்த வேகத்தில் போட்டு அணைக்க அசையும் பாகம் எதுவும் தாங்காது. அதனால் மாஸ்ஃபெட் என்ற சிலிக்கான் சுவிட்ச்களை வைக்கிறார்கள். அசையும் பாகமே இல்லாத, கட்டைவிரல் நகம் அளவுள்ள கறுப்புத் துண்டுகள் அவை. ஒன்றால் சமாளிக்க முடியாத அளவு மின்சாரம் பாய்வதால் பல துண்டுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டோடு திருகியிருப்பார்கள். இன்வர்ட்டரைத் தூக்கிப் பார்த்தால் கனம் ஒரு பக்கமாகவே இழுக்கும். அந்தப் பக்கம்தான் இரும்பும் செம்பும் சேர்ந்த மின்மாற்றி இருக்கிறது. மற்ற பாகங்களெல்லாம் சேர்ந்தாலும் அதன் எடைக்கு ஈடாகாது.

அழுத்தம் இருபது மடங்கு உயர்ந்தால் மின்னோட்டம் அதே அளவு குறையும். 300 வாட் ஓடும் வீட்டில் சுவர்ப் பக்கக் கம்பியில் 1.3 ஆம்பியர்தான் ஓடுகிறது. அதே நேரத்தில் பேட்டரிப் பக்கத்தில் 30 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. பேட்டரி வயர் மட்டும் ஏன் சுண்டுவிரல் தடிமனில் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம். அந்த வயரின் முனை சற்றுத் தளர்ந்திருந்தால்கூட அங்கே சூடு கிளம்பும். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பும் அதே கெடுதலைச் செய்யும்.

விசிறி ஏன் முனகுகிறது?

மின்வாரியம் அனுப்பும் மின்சாரம் வழவழப்பான அலையாக ஏறி இறங்கும். இதைச் சைன் அலை என்பார்கள். வெறும் போட்டு அணைக்கும் சுவிட்ச்களால் வருவதோ திடீரென்று ஏறி, அப்படியே நின்று, திடீரென்று இறங்கும் சதுர அலை. விலை குறைந்த இன்வர்ட்டர்கள் இதைத்தான் தருகின்றன.

சதுர அலைக்குள் 50 மட்டும் இல்லை. நொடிக்கு 150, 250, 350 என்று துடிக்கும் வேறு பல அலைகளும் அதில் கலந்திருக்கின்றன. விசிறி மோட்டாரைப் பயனுள்ள வகையில் சுழற்றுவது 50 மட்டும்தான். மற்றவை சுருளையும் இரும்புத் தகடுகளையும் அதிரவைக்கின்றன, சூடேற்றுகின்றன. கரண்ட் போனதும் விசிறியிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற முனகல் அந்த அதிர்வின் ஒலிதான்.

'சைன்வேவ்' என்று விற்கப்படும் இன்வர்ட்டரிலும் அதே சுவிட்ச்கள்தான் இருக்கின்றன. அவற்றை இயக்கும் விதம் வேறு. நொடிக்கு நூறு முறை திசை மாற்றுவதோடு நிற்காமல், அவை பல ஆயிரம் முறை போட்டுப் போட்டு அணைக்கின்றன. அலையின் தொடக்கத்தில் மிகக் குறுகிய துடிப்புகள், உச்சிக்குப் போகப்போக அகன்ற துடிப்புகள், இறங்கும்போது மறுபடி குறுகியவை. துடிப்பகலப் பண்பேற்றம் என்பது இதன் பெயர். மின்மாற்றியும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து இந்தத் துடிப்புகளை இழைத்துச் சமன்செய்யும்போது சுவருக்குப் போவது ஏறக்குறைய வழவழப்பான அலையாகிவிடுகிறது. விசிறிக்குத் தன்னை ஓட்டுவது மின்வாரியமா பேட்டரியா என்று தெரியாது.

ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. எல்இடி விளக்கு, டிவி, வைஃபை ரவுட்டர், போன் சார்ஜர் ஆகிய எல்லாமே உள்ளுக்குள் நேர் மின்னோட்டத்தில்தான் இயங்குகின்றன. பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை நாம் மாறு மின்னோட்டமாக்கி அனுப்புகிறோம். அவை மறுபடி நேராக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகக் கழிந்துபோகிறது.

ஒரு வீட்டின் கணக்கு

பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஏஎச் என்று போட்டிருக்கும். ஏஎச் என்பது ஆம்பியர்-மணி. எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதன் பெருக்கல். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி.

நம் வீட்டில் பழைய மாதிரி விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட். எல்இடி ட்யூப் மூன்று, தலா 20 வாட். டிவி 60. ரவுட்டரும் போன் சார்ஜர்களும் 30. மொத்தம் 300 வாட். 1800-ஐ 300-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம் வருகிறது. கடையில் சொல்லும் கணக்கு இதுதான்.

ஆனால் இந்த 300 வாட்டும் இன்வர்ட்டர் வழியாக வர வேண்டும். சுவிட்ச்களிலும் மின்மாற்றியிலும் கழிவது போக ஐந்தில் நான்கு பங்குதான் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டுக்கு 300 வாட் கிடைக்க பேட்டரி 375 வாட் தர வேண்டும். 12 வோல்ட்டில் அது 31 ஆம்பியர். 150-ஐ 31-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் போயிற்று.

இன்னொரு இழப்பு கண்ணுக்குப் படாதது. 150 ஆம்பியர்-மணி என்பது எந்த வேகத்தில் எடுத்தாலும் கிடைக்கும் அளவு அல்ல. பேட்டரியின் மேல் சி20 என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும் என்று பொருள். அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். நாம் எடுப்பதோ அதைப்போல நான்கு மடங்கு. வேகமாக எடுத்தால் மொத்தத்தில் கிடைப்பது குறையும் என்பதை 1897-இல் ஜெர்மானியரான பாய்க்கர்ட் அளந்து வகுத்துச் சொன்னார். நம் வேகத்துக்கு 150-இல் ஏறத்தாழ 115 கிடைக்கும். 31 ஆம்பியர் வீதம் செலவழித்தால் மூன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பன்னிரண்டரைக்கு இன்வர்ட்டர் கத்திய கணக்கு இதுதான்.

கிடைக்காமல் போன மிச்சம் எங்கேயும் தொலைந்துவிடவில்லை. தகட்டின் உட்புறத்துக்கு அமிலம் ஊறிச் சேர நேரம் போதாததால் அது உள்ளேயே தங்கிவிட்டது. அணைந்த இன்வர்ட்டரை அரைமணி நேரம் கழித்துப் போட்டால் கொஞ்ச நேரம் விசிறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளியில் அமிலம் ஊறியிருக்கிறது.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் திரும்பும். பழைய விசிறி இரண்டையும் எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி விசிறிகளை மாட்டினால் மொத்தம் 210 வாட்டாகிவிடும். செலவு 30 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் மெதுவாக எடுப்பதால் பேட்டரி தரும் மொத்த அளவும் கூடி, நேரம் ஐந்து மணியைத் தாண்டிவிடும். அதாவது ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். பெரிய பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது பல வீடுகளில் லாபம்.

உள்ளே ஈயமும் அமிலமும்

1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். 1881-இல் கமீல் ஃபோர் ஈயக் கூழைத் தகட்டின்மேல் பூசி அதன் கொள்திறனைக் கூட்டினார். நம் வீட்டு மூலையில் இருக்கும் பெட்டி அடிப்படையில் இன்னும் அதே பொருள்தான்.

பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். ஒவ்வோர் அறையிலும் ஈய டை ஆக்சைடு தகடுகள் ஒரு பக்கம், பஞ்சுபோன்ற தூய ஈயத் தகடுகள் மறுபக்கம், இடையில் கந்தக அமிலமும் தண்ணீரும். மின்சாரம் வெளியேறும்போது அமிலத்திலிருந்து சல்ஃபேட் பிரிந்து இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட்டாக ஒட்டிக்கொள்கிறது. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது ஒட்டியது கரைந்து அமிலத்துக்கே திரும்புகிறது. மெக்கானிக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது அதற்காகத்தான். அமிலம் அடர்த்தியாக இருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும். பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கார் பேட்டரியை இன்வர்ட்டருக்கு ஏன் வைப்பதில்லை? காரைக் கிளப்ப ஒருசில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்கு மெல்லிய தகடுகள் பல. ஆனால் அவற்றை அடிமட்டம்வரை காலிசெய்தால் பூச்சு உதிர்ந்துவிடும். இன்வர்ட்டருக்கு வைக்கும் ட்யூபுலர் பேட்டரியிலோ ஈயப் பொருளை நுண்துளைகள் உள்ள துணிக் குழல்களில் அடைத்து, நடுவே ஈயக் கம்பி செருகியிருப்பார்கள். குழல் பிடித்துக்கொள்வதால் ஆழமாகக் காலிசெய்தாலும் பொருள் எளிதில் உதிராது.

கடைசி இருபது பங்கு

கரண்ட் வந்ததும் இன்வர்ட்டர் 'டக்' என்று ஒலித்துத் தன் வேலையைத் தலைகீழாக்கிக்கொள்கிறது. நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான இன்வர்ட்டர்களில் சார்ஜருக்குத் தனிக் கருவி கிடையாது. அதே மின்மாற்றி இப்போது 230-ஐ இறக்குகிறது. அதே மாஸ்ஃபெட்கள் இப்போது மாறு மின்னோட்டத்தை நேராக்கிப் பேட்டரிக்குள் தள்ளுகின்றன.

எவ்வளவு வேகத்தில் தள்ளலாம்? பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது துறையில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். 150 ஆம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர். வெளியே போனது 31 ஆம்பியர் வேகத்தில். உள்ளே வருவது 15 ஆம்பியர் வேகத்தில். புதிரின் முதல் பாதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் பாதி இன்னும் முக்கியமானது. சார்ஜ் மூன்று கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டத்தில் 15 ஆம்பியர் சீராக ஏறும். பேட்டரியின் வோல்ட் மெல்ல உயரும். 14.4 வோல்ட்டை ஒட்டி வந்ததும் பேட்டரி ஏறத்தாழ 80 சதவீதம் நிறைந்திருக்கும். இதற்குமேல் வோல்ட்டைக் கூட்டக் கூடாது. அமிலத்தில் உள்ள தண்ணீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ்விடத் தொடங்கிவிடும். எனவே இரண்டாம் கட்டத்தில் சார்ஜர் வோல்ட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, பேட்டரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுக்கிறது. 15 ஆம்பியர் பத்தாகும், ஐந்தாகும், இரண்டாகும்.

டவுன் பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியாக ஏறுபவர்தான் மூலையில் இருக்கும் ஒற்றைச் சீட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தகட்டிலும் மேற்பரப்பில் உள்ள சல்ஃபேட் சட்டென்று கரையும். நுண்துளைகளின் ஆழத்தில் உள்ளது கரைந்து, ஊறி, வெளியே வர நேரம் பிடிக்கும். வெளியிலிருந்து அவசரப்படுத்தினால் வேலை வேகமாகாது. குமிழும் சூடும்தான் மிஞ்சும்.

மூன்றாவது, மிதவைக் கட்டம். சார்ஜர் 13.6 வோல்ட்டை ஒட்டி நிறுத்தி, பேட்டரி தானாக இழப்பதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். வெளியே போனது 115 ஆம்பியர்-மணி. குமிழிலும் சூட்டிலும் வீணாவதைச் சேர்த்தால் 130 வரை உள்ளே போக வேண்டும். முதல் ஆறு மணி நேரத்தில் 90 ஏறிவிடும். மீதி 40-க்கு இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக மொத்தம் பத்து, பதினொரு மணி நேரம். மாலை ஆறரை மணிக்குப் பேட்டரியில் ஏறியிருந்தது தேவையில் பாதிதான்.

மீட்டர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துவிடலாம். சார்ஜரில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம், இன்வர்ட்டரில் கொஞ்சம் என்று கழிந்தபின் மீட்டரில் ஓடிய இரண்டு யூனிட்டில் ஏறக்குறைய ஒன்றுதான் விசிறிக்கு வந்து சேர்கிறது.

ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும்

2012-ஐத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். பல ஊர்களில் ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஒரு மணி நேரம் போகும். இன்வர்ட்டர் இல்லாத வீடுகளும் கடன் வாங்கியாவது ஒன்றை மாட்டின. நாலைந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி சீக்கிரமே படுத்துவிட்டது என்ற புலம்பலும் கூடவே எழுந்தது. கம்பெனியைத் திட்டியவர்கள் உண்டு. வேதியியல் வேறு காரணம் சொல்கிறது.

அதே 300 வாட் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத ஒரு மணி நேரத்தில் 31 ஆம்பியர்-மணி வெளியே போகிறது. கரண்ட் இருக்கும் அடுத்த ஒரு மணி நேரத்தில் 15 ஏறுகிறது. அதில் உருப்படியாகத் தங்குவது 13. ஒவ்வொரு சுற்றிலும் 18 பற்றாக்குறை. ஏழாவது சுற்றுக்குள் பேட்டரி தரை தட்டிவிடும். சரி, ஒரு விசிறியையும் டிவியையும் ஒரு ட்யூபையும் நிறுத்திப் பாதி லோடில் ஓட்டினால்? பதினைந்து சொச்சம் போகிறது, 13 தங்குகிறது. அப்போதும் நிறைய வழியில்லை. வந்த கரண்டும் லோ வோல்டேஜாக இருந்தால் அந்த 15-கூட ஏறாது.

ஆக, அந்தப் பேட்டரிகள் மாதக்கணக்கில் இரண்டாம் கட்டத்தையே எட்டவில்லை. இதனால் இரண்டு கேடுகள். புதிதாக ஒட்டிய ஈய சல்ஃபேட் மென்மையான நுண்படிகம், எளிதில் கரையும். நாள்கணக்கில் கரையாமல் விட்டால் படிகங்கள் பெருத்து, இறுகி, பிறகு எந்தச் சார்ஜுக்கும் அசையாது. இறுகிய இடம் பேட்டரிக்கு இனி இல்லாத இடம். இதைச் சல்ஃபேட் படிவு என்பார்கள். இரண்டாவது, அடர்ந்த அமிலம் கனமானது, அடியில் தங்கிவிடும். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் எழும் மெல்லிய குமிழ்கள்தான் அதைக் கலக்கிவிடும். அந்தக் கட்டமே வராவிட்டால் தகட்டின் அடிப்பகுதி அரிபடும், மேல்பகுதி பட்டினி கிடக்கும்.

காலியானதால் அந்தப் பேட்டரிகள் சாகவில்லை, நிறையாததால் செத்தன.

இன்று வெட்டுகள் குறைந்துவிட்டன. ஆனால் அதே சாவு இன்னொரு வழியில் வருகிறது. ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறோம். இன்வர்ட்டர் அதைக் கரண்ட் போனதாக நினைத்துக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் தன் வேலையைத் தொடங்கிவிடும். லோடு எதுவும் இல்லாவிட்டாலும் தன்னை இயக்கிக்கொள்ளவே கொஞ்சம் குடிக்கும். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரியைத் திரும்பி வந்து சார்ஜ் போட்டால் பழைய பேக்கப் கிடைக்காது. மெயினை அணைப்பதானால் இன்வர்ட்டரையும் அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

இரண்டு பேட்டரி வைத்தால்

ஒரு பேட்டரி போதாத வீட்டில் இரண்டை வைக்கிறார்கள். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. இது தொடர் இணைப்பு. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. இது பக்க இணைப்பு. சேமிப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 24 வோல்ட்டில் ஓடும் ஆம்பியர் பாதியாகிறது. ஆம்பியர் பாதியானால் அதே வயரில் எழும் சூடு கால் பங்காகும். அதனால் பெரிய இன்வர்ட்டர்கள் 24, 48 என்று தொடர் இணைப்பையே நாடுகின்றன.

பழைய பேட்டரியோடு புதியதை ஜோடி சேர்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. தொடர் இணைப்பில் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் ஓடும். கொள்திறன் குறைந்த பழையது முதலில் நிறைந்து கொதிக்கத் தொடங்கும். மொத்த வோல்ட் எட்டிவிட்டதாக நினைத்துச் சார்ஜர் வேகத்தைக் குறைக்கும். புதியது அரைவயிறோடு நிற்கும். காலியாகும்போதும் பழையதே முதலில் தரை தட்டும். சில மாதங்களில் புதியதும் பழையதைப் போலாகிவிடும். வாங்கினால் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே வயது என்று ஜோடியாக வாங்க வேண்டும். பக்க இணைப்பென்றால் இன்வர்ட்டரின் பிளஸ் வயரை ஒரு பேட்டரியிலும் மைனஸ் வயரை மற்றப் பேட்டரியிலும் மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டுக்கும் வயரின் தடை சமமாக இருக்கும். இரண்டும் சமமாக உழைக்கும்.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வருகின்றன. இவற்றில் கடைசி இருபது பங்குக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அரைகுறையாக நின்றாலும் கெடுவதில்லை. தண்ணீரும் ஊற்ற வேண்டாம். விலைதான் அதிகம். சார்ஜர் மட்டும் அதற்கென்று அமைந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

ட்யூபுலர் பேட்டரியின் ஒவ்வொரு மூடியிலும் ஒரு சிறிய மிதவைக் குச்சி தெரியும். பச்சைக் கோடு தெரிந்தால் தண்ணீர் போதும். சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ, மினரல் வாட்டர் கேனோ உதவாது. அவற்றில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். அமிலமும் ஊற்றக் கூடாது. ஆவியாகவும் குமிழாகவும் போவது தண்ணீர்தான், அமிலம் அல்ல. நிறைந்த பேட்டரியில்தான் ஊற்ற வேண்டும். காலியாக இருக்கும்போது ஊற்றினால், சார்ஜ் ஏறுகையில் அமிலம் பொங்கி வழியும்.

பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜின் முடிவில் வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். மாடிப்படிக்கு அடியில் கதவு வைத்து மூடிய அலமாரி இதற்கு ஏற்ற இடம் அல்ல. பூஜை விளக்கும் அதன் அருகில் வேண்டாம். பேட்டரியின் 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஸ்பேனர் ஒன்று இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து இரும்பையே உருக்கும். கை மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு இன்வர்ட்டரை அணைத்தாயிற்றா என்று கட்டாயம் நினைவூட்டுங்கள். மெயின் அணைந்ததும் இன்வர்ட்டர் அதே வயரில் 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கியிருக்கும்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், வாங்கிய கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மீது சுமத்தியிருக்கின்றன. திறந்த வெளியில் உடைத்து உருக்கப்படும் ஈயம் அங்கே விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேரும்.

கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: 'எத்தனை மணி நேரம் பேக்கப் வரும்?' இனி இரண்டாவது கேள்வி ஒன்றையும் கேளுங்கள்: 'இந்த இன்வர்ட்டர் எத்தனை ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும், என் பேட்டரி முழுதாக நிறைய எத்தனை மணி நேரம் ஆகும்?' பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பதை முடிவுசெய்வது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான்.